சேணம் ஏன் எப்போதும் வலப்பக்கமே சரிகிறது?

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற குதிரை ஒன்று. நல்ல குணம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சலிக்காமல் நடக்கும். கொஞ்ச நாளாக இடதுபக்கம் கேன்டர் (நாலுகால் பாய்ச்சலுக்கு ஒரு படி குறைந்த ஓட்டம்) எடுக்கச் சொன்னால் காதை மடக்குகிறது, வாலை விசிறுகிறது, நாலு எட்டு அவசரமாக டிராட் (நடைக்கும் கேன்டருக்கும் நடுவிலான ஓட்டம்) ஓடிவிட்டு வலதுபக்கக் கேன்டரை எடுத்துவிடுகிறது. சேணமோ, வயிற்று வாரை எவ்வளவு இறுக்கினாலும் சவாரி முடிவதற்குள் வலப்பக்கம் சரிந்திருக்கும். சரி, நொண்டுகிறதா என்றால் அதுவும் இல்லை.

இதை லாயத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். பயிற்சியாளர், ஏறுகிற பெண் கோணலாக உட்காருகிறாள் என்பார். சேணம் விற்பவர் சேணம் பொருந்தவில்லை என்பார். லாடக்காரர் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போன தடவை வேறு யாரோ அடித்த லாடத்தைக் குறை சொல்வார். உடம்பு பிடித்துவிட வருகிறவர் முதுகு இறுகிக் கிடக்கிறது என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், நாலு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அவள் கோணலாகத்தான் உட்காருகிறாள், சேணமும் பொருந்தவில்லை, முதுகும் இறுகித்தான் இருக்கிறது. எது முதலில் வந்தது, எது அதன் பின்னால் வந்தது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்பதற்கு முன்பே இங்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி (டாலர்) இறங்கிவிடுகிறது, பெரும்பாலும் புதுச் சேணத்தில்.

குதிரையில் கோளாறு தெரிகிற இடமும் அது தொடங்கிய இடமும் அடிக்கடி வேறு வேறாக இருக்கும். அரை டன் உடம்பு, அதில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்கள் மேல். நமக்கு இருக்கிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. நெஞ்சுக்கூடு இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் வெறும் தசையாலும் நாராலும் தொங்குகிறது. அதனால் ஒரு காலில் வலி வந்தால் பாரத்தைக் குறுக்கே இருக்கிற காலுக்கு மாற்றுவதும், முதுகை விறைத்துக்கொள்வதும், எட்டைக் குறுக்கிக்கொள்வதும் அதற்குக் கைவந்த கலை. வேட்டையாடப்படும் இனத்தில் வந்த பிராணி, வலியைக் காட்டிக்கொண்டால் பிழைக்காது. வாரக்கணக்கில் மறைக்கும். நாம் பார்ப்பது பல நேரம் வலியை அல்ல, வலிக்கு அது கண்டுபிடித்த ஏற்பாட்டை.

சிங்கப்பூரில் ஏறிப் பழகுகிற குதிரைகளில் நிறைய பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம்) குதிரைகள், அதனால் இந்த ஊர்ப் பந்தயக் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பந்தயத்தை நடத்திய டர்ஃப் கிளப் 1842-இல் ஆரம்பித்த சங்கம். முதல் ஓடுதளம் ஃபேரர் பார்க்கில் இருந்தது. தேக்காவில் மீன் தலைக்கறி சாப்பிடப் போகிற ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1933-இல் புக்கிட் தீமா, 1999-இல் கிராஞ்சி, 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம். நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. கிராஞ்சியில் குதிரைகள் இடப்பக்கமாகத் திரும்பித்தான் ஓடின, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். அங்கே ஓடின குதிரைக்கு இடது வளைவு பழகின சமாச்சாரம். அப்படிப்பட்ட குதிரை வலப்பக்கம் தடுமாறினால் பழக்கக் குறை என்று கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். பழகின இடப்பக்கமே மாட்டேன் என்றால் அதைப் பயிற்சிக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. குதிரையின் பழைய கதையைக் கேளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான், எத்தனை கோப்பை ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள அல்ல.

இனி இடதுபக்கக் கேன்டரைப் பிரித்துப் பார்ப்போம். அதில் முதலில் தரையை ஊன்றித் தள்ளுவது வலது பின்கால். அப்புறம் இடது பின்காலும் வலது முன்காலும் சேர்ந்து, கடைசியாக இடது முன்கால். ஆக, அந்தக் கேன்டரை எடுக்கத் தயங்குகிற குதிரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வலது பின்கால், அதற்கு அடுத்து இடது முன்கால். முதுகும் காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேட ஒரு திசை கிடைத்துவிட்டது, காசும் செலவாகவில்லை.

சேணம் சரிவதும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் சேணத்தையோ ஏறுகிறவரையோ திட்டுவது உலக வழக்கம். பிரிட்டனில் குதிரைகளின் கால் நோய்களை வெகுகாலம் ஆராய்ந்த சூ டைசனும் உடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்கால் வலியுள்ள குதிரைகளில் சேணம் சரிவது அதிகம், அதுவும் வலி கூடுதலாக உள்ள காலின் பக்கமே பெரும்பாலும் சரிகிறது. அந்தக் காலை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால், அதே சேணம், அதே ஆள், சரிவு நின்றுவிடுகிறது. பின்கால் சரியாகத் தள்ளாததால் முதுகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை, சேணம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்கிறது, ஏறியிருப்பவரும் கூடவே சாய்கிறார். பார்க்கிற பயிற்சியாளர் கண்ணுக்கு முதலில் படுவது சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்தான், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சாயங்காலம் லாயத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் புதுக்கோட்டைக்கார அண்ணன் வலது பின்காலைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, இந்த லாடத்தோட மூக்கைப் பாருங்க." முனை மழுங்கி, உளியால் சீவினதுபோல் சரிவாகத் தேய்ந்திருந்தது. இடது பின்கால் லாடத்தில் முனை அப்படியே இருந்தது. ஒரே நாளில் அடித்த லாடங்கள்தான் இரண்டும். "இழுத்து இழுத்து நடக்குது, அதான் தேயுது. சிமெண்டுல கூட்டிப் போனா சத்தமே வேற." கழுவுகிற இடத்துக்குப் போகிற சிமெண்ட் பாதையில் நடத்திக் காட்டினார். மூன்று எட்டு சுத்தமாகக் கேட்டது, நாலாவதில் லேசாக ஒரு உரசல். கண்ணால் பார்த்து நான் பிடித்திருக்கவே மாட்டேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார். (மூட்டில் வேறொரு குதிரை உதைத்திருக்கும் என்பது அவர் கணிப்பு, அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது.) தினமும் குளிப்பாட்டி, குளம்பு சுரண்டி, காலில் கை வைத்துப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். எப்போதாவது வந்துபோகிற நாலு நிபுணர்களைக் கேட்டார்கள், இவரைக் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஊர் லாயங்களில் இது பழைய வியாதி.

நொண்டலைப் பார்ப்பதற்கு டிராட்தான் சரியான ஓட்டம். அதில் குறுக்குக் கால்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து ஊன்றும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அதனால் சமமில்லாதது கண்ணில் படும். முன்காலில் வலி என்றால், வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்காலில் வலி என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பார்க்க வேண்டும், வலிக்கிற பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேராக, கெட்டித் தரையில் ஓட்ட வேண்டும். தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் தலையாட்டம் எங்கே தெரியும்? அப்புறம் வட்டத்தில் இரண்டு பக்கமும், கெட்டித் தரையிலும் மணலிலும். கெட்டித் தரையில் கூடினால் குளம்பு, மூட்டு பக்கம் சந்தேகம் போகும். மணலில் கூடினால் நார், தசைநாண் பக்கம். இது முழு விதி அல்ல, ஒரு சாய்வுதான். இரண்டு பின்கால்களிலும் சமமாக வலி இருந்தால் நொண்டலே தெரியாது, குதிரை முன்னே போக மனமில்லாததுபோல மட்டும் இருக்கும். "சோம்பேறி" என்ற பட்டம் இப்படித்தான் கிடைக்கிறது.

கேன்டர் எடுக்காத குதிரைக்கு "ரெண்டு போடுங்க" என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். சூ டைசன் குழு 2018-இல் வெளியிட்ட பட்டியலில், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் இருக்கின்றன: காது வெகுநேரம் பின்னால் மடங்கியிருப்பது, வாய் திறப்பது, வால் விசிறுவது, கேன்டரில் தப்பான கால் எடுப்பது, இடறுவது என்று போகும். இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் உள்ள பலதைத்தான் நாம் இத்தனை காலம் திமிர், சேட்டை என்று சொல்லிவந்தோம்.

அடுத்து குளம்பு. முன்கால் நொண்டலில் பெரும்பங்கு குளம்பிலிருந்துதான் வருகிறது என்பது குதிரை மருத்துவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம், அதனால் எந்தத் தேடலும் அடியிலிருந்து மேலே போவதுதான் முறை. நம் ஊர் ஈரம் குளம்புக்கு ஆகாது. வருஷம் முழுக்க மழை, போதாததற்கு ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு குளியல். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்து, குளம்புச் சுவர் உதிர்ந்து, ஆணி நிற்காது. அடிப்பகுதியில் முக்கோணமாக இருக்கும் மெத்தை, ஃப்ராக் என்பார்கள், அங்கே அழுகல் வந்தால் மூக்குக்கே தெரிந்துவிடும். தரோபிரெட் குதிரைகளுக்குப் பிறவியிலேயே மெல்லிய அடி. முனை நீண்டு குதிகால் தாழ்ந்துபோகிற போக்கும் உண்டு. குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். லாடத்தை ஐந்தாறு வாரத்தில் மாற்றாமல் எட்டு பத்து வாரம் இழுத்தால், அந்த வளர்ச்சி முழுவதும் முனையை முன்னே தள்ளி, மேலே இருக்கிற நாரையெல்லாம் கூடுதலாக இழுக்கும். லாடக்காரர் வந்து போன தேதியையும் கோளாறு தெரிந்த தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே சில கேஸ்கள் பாதி தீர்ந்துவிடும்.

மருத்துவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். காலைத் தடவிப் பார்த்தார், குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார், வலது பின்காலை ஒரு நிமிடம்போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே டிராட் ஓட்டச் சொன்னார். முதல் சில எட்டுகள் தெளிவாகக் கோணின. மடக்கிப் பார்ப்பதில் ஏதாவது வருவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, நல்ல குதிரைகளிலும் சில கோணும், ஆனால் இடது காலை மடக்கியபோது ஒன்றும் வரவில்லை. அப்புறம் நரம்பு ஊசி. வீவக அடுக்குமாடி வீட்டில் மின்சாரம் டிரிப் ஆனால் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்து எந்தச் சாமான் என்று பிடிப்போமே, அதே வேலைதான். குளம்புக்குப் போகிற நரம்பை முதலில் மரக்கச் செய்து, பத்து நிமிடம் கழித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றமில்லை. அடுத்து கொஞ்சம் மேலே. மேலே போட்டால் அதற்குக் கீழே எல்லாமே மரத்துப்போகும், அதனால்தான் கீழிருந்து தொடங்குவது; அவசரப்பட்டு மேலே முதலில் போட்டால் வலி போகும், எங்கே இருந்தது என்பது தெரியாது. ஹாக் என்கிற பின்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே போட்ட ஊசிக்குப் பிறகு அந்தப் பெண்ணையே ஏற்றி ஓட்டச் சொன்னார்கள். இடதுபக்கக் கேன்டர், கேட்டவுடன் வந்தது. சேணம் நடுவிலேயே நின்றது. அவளும் நேராக உட்கார்ந்திருந்தாள்.

அங்கேயும் மருத்துவர் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த இடத்து ஊசி பக்கத்திலுள்ள மூட்டுக்குள்ளும் பரவி ஏமாற்றலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், எலும்பின் பின்புறம் தொடங்கி இறங்கும் சஸ்பென்சரி என்கிற கனத்த நார், தொடங்கும் இடத்திலேயே வீங்கியிருந்தது. வைத்தியம் பொறுமை கேட்கிற வைத்தியம்: சவாரி கிடையாது, கையில் பிடித்து நேர்க்கோட்டில் நடை, வாரா வாரம் நிமிடம் கூடும், வட்டம் கூடாது, பின்காலுக்கு ஏற்ற லாடம், இடையில் மறு ஸ்கேன். மாதக்கணக்கில் போகும். முதுகு இறுக்கத்துக்குத் தனியாக இப்போதைக்கு ஒன்றும் செய்யவில்லை. சேணத்தை உடம்பு தேறின பிறகு பார்க்கச் சொன்னார், ஏனென்றால் முதுகுத் தசை அதற்குள் வேறு வடிவத்துக்கு வந்துவிடும், இன்று அளவெடுப்பது வீண்.

எக்ஸ்ரே பற்றி ஒரு எச்சரிக்கை. முதுகை எக்ஸ்ரே எடுத்து, முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடு ஒன்று உரசுகின்றன, "கிஸ்ஸிங் ஸ்பைன்" என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, பெயர் கிடைத்துவிட்டதே. தரோபிரெட் குதிரைகளில் எந்த வலியும் இல்லாமலே இது நிறைய இருக்கிறது. படத்தில் தெரிவது வேறு, வலிப்பது வேறு. இந்தக் குதிரைக்கு முதலில் முதுகைப் படம் எடுத்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும், அதற்கு வைத்தியமும் நடந்திருக்கும், பின்கால் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொரு பொதுவான குழப்பம், ஒரே வாரத்தில் சேணத்தை மாற்றி, லாடத்தை மாற்றி, வலி மருந்தும் கொடுத்து, தீவனத்தில் ஏதோ பொடியும் கலப்பது. குதிரை தேறினால் எதனால் தேறியது? மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தால் எதைத் தொடுவீர்கள்? ஒன்றை மாற்றுங்கள், பொறுங்கள், பாருங்கள், எழுதிவையுங்கள். வலி மருந்து கொடுத்துச் சோதிப்பது உண்டுதான், ஆனால் மருத்துவர் சொல்லி, அவர் சொன்ன அளவில், அவர் வருகிற நாளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு. மருந்தோடு கொண்டுபோய் நிறுத்தினால் அவர் எதைப் பார்ப்பார்?

காலே இல்லாத காரணங்களும் இருக்கின்றன, இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரையின் வயிறு நாள் முழுக்க அமிலம் சுரக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். இங்கே மேய்ச்சல் நிலம் இல்லை, உலர்ந்த புல்லும் கப்பலில் வருவதுதான், அளந்துதான் போடுகிறார்கள், இடைவெளி நீண்டால் வயிற்றுப் புண். வயிற்று வார் கட்டும்போது கடிக்க வருவது, முன்னே போக மறுப்பது எல்லாம் அதனாலும் வரும். பல் விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்தால் கடிவாளத்தின் ஒரு பக்கத்தைத் தொடவிடாது, தலையைக் கோணலாக வைத்துக்கொள்ளும், பார்க்க நொண்டல் மாதிரியே இருக்கும். அப்புறம் வியர்வை. குளிர்ந்த நாடுகளிலிருந்து வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு நம் வெக்கையில் வியர்ப்பதே நின்றுபோகும். கொஞ்சம் ஓடினதும் மூச்சு வாங்கி, உடம்பு காய்ந்து, கால் பின்னும். மதியம் மூன்று மணிக்கு மட்டும் கோளாறு, காலை ஏழு மணிக்கு ஒன்றுமில்லை என்றால் காலைத் தேடிப் பிரயோஜனமில்லை.

ஏறுகிறவரால் கோளாறு வருவதே கிடையாதா? வரும். ஒரு கையை எப்போதும் இறுக்கிப் பிடித்தால் எட்டு சமமில்லாமல் போகும். சோதிப்பது சுலபம்: வேறு இரண்டு பேரை ஏற்றிப் பாருங்கள், ஆள் ஏறாமலும் ஓட்டிப் பாருங்கள். ஆளை மாற்றினால் போய்விடுகிறது என்றால் ஆள். யார் ஏறினாலும் அதே பக்கம் சரிகிறது என்றால் பாவம் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பது நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷா வருஷம் கடல்வழியாக ஏராளமான குதிரைகள் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். வியாபாரம் நடக்க வேண்டும் என்று குதிரை வியாபாரிகளே வைத்தியர்களை அங்கே போகவிடுவதில்லை என்றும் சொல்கிறார். இங்கே அந்த அளவுக்குச் சூது ஒன்றும் இல்லை. ஊர் சின்னது, கிராஞ்சியில் பந்தயம் நின்றபிறகு குதிரையை நம்பிய தொழில்களும் சுருங்குகின்றன. கிடைக்கிற மருத்துவரின் ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அவர் வருவதற்கு முன்பே கைப்பேசியில் காணொளி எடுத்துவையுங்கள்: முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நேரான டிராட், பக்கவாட்டில் வட்டம் இரண்டு பக்கமும், ஆளோடும் ஆளில்லாமலும். நல்ல நாளிலும் ஒன்று எடுத்துவைத்தால் ஒப்பிட உதவும். காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கண் தவறவிட்டது பல நேரம் தெரியும். லாடம், பல், தீவன மாற்றம், சேணம் மாற்றிய தேதிகள் ஒரே தாளில். குதிரையைப் பார்த்துக்கொள்கிற அண்ணனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

இப்படி ஆற அமரத் தேடக்கூடாத கேஸ்களும் உண்டு. நேற்று நன்றாக இருந்த குதிரை இன்று ஒரு காலைத் தரையிலேயே வைக்கவில்லை என்றால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ்தான், வடித்துவிட்டால் சில நாளில் நடந்துவிடும். ஆனால் எலும்பு முறிவும் அதே மாதிரிதான் தெரியும், அதனால் நகர்த்தாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சவாரிக்குப் பிறகு பின்பக்கம் மரக்கட்டையாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைகிறது, ஒரு அடிகூட நடத்தக் கூடாது. கால்களைக் கோணல்மாணலாக வைத்து, திருப்பினால் தள்ளாடி, வாலைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பில்லாமல் சாய்ந்தால் அது நொண்டலே அல்ல, நரம்பு சம்பந்தப்பட்டது. அந்தக் குதிரை மேல் யாரையும் ஏற்றாதீர்கள், எந்தக் கால் என்று பார்ப்பதற்காகக்கூட.